தகர் என்று பேர் வாங்கியவர்

ஜனவரிப் புயல் கடலைப் புரட்டிப் போட்டிருந்த ஒரு விடியலில், எகிப்தில் எஸ்பத் அல்-புர்ஜ் என்ற கடலோர ஊரின் மீன் ஏலக்கூடத்தில் எல்லாரும் கம்பளியும் கழுத்துத் துண்டுமாக மூட்டை போலச் சுருண்டு நிற்கையில், ஒரு மனிதர் மட்டும் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு ஐஸ் கட்டியைப் பிடரியில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் தெஸூகி; தொழிலில் மூத்தவர் என்பதால் ஊருக்கு முஅல்லிம் தெஸூகி. ஏலம் கூவ அவர் வாயைத் திறந்தால், ஆற்றுக்கு அக்கரையில் ராஸ் அல்-பர்ரில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான் என்று ஊரில் பேச்சு. அறுபத்தாறு வயதிலும் குரலில் ஒரு கீறல் விழவில்லை. இறாலோ மடவையோ, அவர் "போச்சு!" என்று கையைத் தட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வயிற்றுக்குள் ஒரு ரகசியம் வைத்திருந்தார். வயிற்றுக்குள் என்று சும்மா சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மன்சூராவில் ஒரு டாக்டர் அவருடைய தொப்பைக் கொழுப்பில் ஊசி போட்டு ஒரு மருந்தைப் புதைத்து அனுப்புவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீர் அடைப்பு என்று போனவருக்கு, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்மை ஹார்மோன்தான் அந்தப் புற்றுக்குச் சோறு, அதை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும், நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள் என்றார் டாக்டர். முஅல்லிம் பிழைத்துக்கொண்டார். சோறு நின்றதில் புற்றோடு சேர்ந்து அவரும் பட்டினி கிடந்தார், அவ்வளவுதான். மார்பு கனத்தது. தாடி வளர மறந்தது. படுக்கையில் மனைவி பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. போதாக்குறைக்கு, நேரங்காலம் இல்லாமல் நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பி உச்சந்தலை வரை ஏறும்.

அந்த அனல் முதல்முதலாக வந்த அன்று அவர் மனைவி இன்ஷிராஹ், முஅல்லிம் முகத்தைப் பார்த்ததும் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி."

"சிரிக்காம? மாசவிலக்கு நின்னப்ப நான் இப்படித்தான் வெந்தேன். நீங்க என்ன சொன்னீங்க? 'பொம்பளைங்களுக்கு எல்லாமே நாடகம்'னீங்க. இந்தாங்க விசிறி, நாடகத்தை ஆரம்பிங்க." பிறகு அவளே மெல்லிய பருத்தித் துணியில் அவருக்கு உள்சட்டை தைத்துக் கொடுத்தாள்.

சந்தையில் மட்டும் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மன்சூராவுக்கு ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடம், "உம்மு ஹாஸிமுக்கு முட்டி வலி" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். மகன் ஹாஸிம் குவைத்தில் இருக்கிறான், அவன் பெயரைச் சொல்லித்தான் இன்ஷிராஹை ஊர் அழைக்கும். அன்றிலிருந்து நல்ல முட்டியை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் அவள் நொண்டி நொண்டி நடந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதற்கு ஒரு முட்டியாவது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று அந்தப் புயல் விடியலில் ஐஸ் தேய்த்துக்கொண்டு நின்றவரை முதலில் பார்த்தது அவருடைய தம்பி பத்ராவி. இரண்டு இழுவைப் படகுகளுக்குச் சொந்தக்காரன், ஐம்பத்தொரு வயது, மாடு மாதிரி கழுத்து. முதல் மனைவி இறந்த பிறகு போன வருஷம்தான் ரிஹாப் என்ற பெண்ணை மணந்திருந்தான். புது மாப்பிள்ளை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆனால் அண்ணன் என்றால் உயிர்.

"அண்ணே, என்ன இது! ஊரே நடுங்குது, உனக்கு மட்டும் ஆகஸ்ட்டா? வீட்ல புதுசா எவளையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

கூடம் சிரித்தது. தெஸூகியும் சிரித்து வைத்தார். பத்ராவி அருகே வந்து நெற்றியில் கை வைத்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஐயோ, கொதிக்குதே!"

அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்தில் 'கொதிக்குது' என்ற ஒரு சொல்லுக்குக் கூடம் காலியாகிவிடும். மீன் கூடைகளுக்கு மேல் தாவி ஓடினார்கள். கொரோனா, கொரோனா என்று ஒருவன் கத்தினான். "காய்ச்சல் இல்லடா, சும்மா புழுக்கம்!" என்று தெஸூகி தம் பிரசித்தமான குரலில் கத்திப் பார்த்தார். ஜனவரிப் புயலில் புழுக்கமாம்! வேறு என்ன காரணம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே காரணத்தைச் சொல்லவே முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். தம்பியே அவரை வண்டியில் தள்ளி, தமியாத் நகரத்து மருத்துவமனை ஒன்றில் கொண்டுபோய் இறக்கினான். மூக்கில் குச்சி விட்டார்கள். முஅல்லிம் அலட்சியமாக உட்கார்ந்திருந்தார், தம் காய்ச்சலின் வண்டவாளம் தமக்குத் தெரியும் என்ற தைரியத்தில்.

முடிவு வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. கொரோனா இருந்தது. அனல் ஊசியுடையது, ஆனால் வைரஸும் எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

இன்ஷிராஹ் முட்டியை மறந்து ஓடி வந்தாள். அவள் அக்கா நவம்பரில் இதே நோயில் போயிருந்தாள். பக்கத்து வார்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிணமாக வெளியே வந்தவர்களில் ஆண்களே அதிகம் இருந்ததை அவள் பார்த்தாள். படகுக்காரர்கள், தச்சர்கள், மளிகைக்காரர், எல்லாரும் இவரைவிட இளையவர்கள். அறுபத்தாறு வயது, புற்று வேறு. இனி என்ன இருக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் தெஸூகிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் இருமினார், கொஞ்ச நாள் மடவைக் கருவாட்டின் நாற்றம்கூடத் தெரியவில்லை, அதோடு சரி. வீட்டுக்கு அனுப்பும்போது அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் மாஹி, முகக்கவசத்துக்கு மேல் தூக்கமில்லாத கண்களோடு, இருவரையும் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஹாஜி, உங்க பழைய ஃபைலைப் பார்த்தேன். அந்த வயித்து ஊசி போடுறீங்க இல்ல?"

தெஸூகி கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"வெட்கப்படாதீங்க. அதுகூட உங்களுக்குக் கைகொடுத்திருக்கலாம்."

"எது?"

"ஊசிதான். இந்த வைரஸ் நுரையீரலுக்குள்ள நுழையணும்னா வாசல்ல ஒரு பூட்டை வெட்டணும். அதை வெட்டிக் குடுக்கிற கத்தரி நம்ம உடம்புலயே இருக்கு. உங்க புராஸ்டேட்லயும் அதே கத்தரிதான். அங்க அதை அதிகமா செய்யச் சொல்லி உத்தரவு போடுறது ஆம்பளை ஹார்மோன். நுரையீரல்லயும் அப்படித்தானோன்னு ஒரு சந்தேகம். இன்னொண்ணு, ஆம்பளை ஹார்மோன் உடம்போட காவக்காரங்களை 'மெதுவாப் போ, மெதுவாப் போ'ன்னு அமுக்கி வைக்கும். பொம்பளை ஹார்மோன் தட்டி எழுப்பிவிடும். அதனால பொம்பளைங்க உடம்பு பெரும்பாலும் சீக்கிரம் முழிச்சுக்குது. ஆம்பளைங்க உடம்பு லேட்டா முழிச்சு, பதறிப்போய் திருடனோட சேர்த்து வீட்டையே கொளுத்திடுது. அந்த வார்டுல நடக்கிறது அதுதான்."

"அப்ப எங்கக்கா?" என்றாள் இன்ஷிராஹ்.

"வயசானா நம்மளுக்கும் அந்த ஹார்மோன் வத்திப் போகுதே அம்மா. பொம்பளைன்னா சாக மாட்டான்னு இல்ல. கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். இந்த ஊசி விஷயமும் முடிவாகல. இத்தாலியில சிலர் பார்த்து, இதைப் போடுறவங்களுக்குக் கம்மியா வருதுன்னாங்க. வேற சிலர் இல்லேங்கிறாங்க. வெறும் அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம். நான் கூப்பிட்டது வேற ஒண்ணுக்கு. வீட்ல ஆம்பளைங்க யாராவது உங்களைப் பார்த்து 'இவ்வளவுதானா'ன்னு அசட்டையா இருந்துடப் போறாங்க. உங்களை அளவுகோலா வச்சுக்க வேணாம்னு சொல்லிடுங்க."

 இரண்டு வருஷமாக எதை நினைத்துத் தெஸூகி இருட்டில் அழுதாரோ, அதுவே தம்மைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறாள் இந்தப் பெண். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இன்ஷிராஹ் இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். 

தனிமை முடிந்து ஏலக்கூடத்துக்கு அவர் போன அன்று சந்தை எழுந்து நின்றது. பெண்களாக இருந்தால் குலவையே போட்டிருப்பார்கள்.

"அறுபத்தாறு வயசுல கொரோனாவைத் துப்பிட்டு வந்திருக்காரு பாரு!"

"தகர்! முஅல்லிம் தெஸூகின்னா தகர்!"

எகிப்தில் தகர் என்றால் ஆண். ஆண் வாத்தும் தகர்தான், ஆண்மை பொங்குகிற மனிதனும் தகர்தான். தமிழில் முட்டுகிற ஆட்டுக்கடாவைத் தகர் என்பார்களே, அதே ஓசை, ஏறக்குறைய அதே மிடுக்கு. ஒருவனை ஊர் நடுவில் தகர் என்று கூப்பிட்டுவிட்டால் அவன் சாகும்வரை நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். தெஸூகியின் நெஞ்சும் நிமிர்ந்தது. பொய் சொல்வானேன், இரண்டு வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்தது. அன்று அவர் கூவிய ஏலத்தைக் கேட்டு ஐஸ்கட்டிகள் விரிசல் விட்டன என்றுகூடச் சொல்வார்கள் போல.

மாலையில் பத்ராவி, கால் கட்டிய ஒரு கொழுத்த ஆண் வாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"இந்தா அண்ணி. தகருக்கு ஒரு தகர்! வெங்காயம் அடைச்சு வை, மாப்பிள்ளை விருந்து மாதிரி. ராத்திரி உனக்குத் தூக்கம் இருக்காது." கண்ணடித்தான்.

"வாயைக் கழுவு," என்றாள் இன்ஷிராஹ்.

வாத்து வெந்தது. வெங்காயமும் மிளகும் நெய்யில் ஊறி வீடே மணத்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். பத்ராவி தொடையைப் பிய்த்து அண்ணன் வாயில் ஊட்டினான். அப்போது இன்ஷிராஹ் கணவனைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்பது அந்தப் பார்வை. டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கள். தெஸூகி மென்றார். வார்த்தையையும் சேர்த்து மென்று விழுங்கினார். 'தகர்' என்ற சொல் சூடாகத் தட்டில் இருக்கையில் 'ஊசி' என்ற சொல்லை எங்கே வைப்பது?

அடுத்த வாரம் பத்ராவிக்குக் காய்ச்சல். தெஸூகி போன் போட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போடா."

"எதுக்கு? உனக்கு என்ன ஆச்சு? ரெண்டு இருமல்! நீயும் நானும் ஒரே அப்பன் ரத்தம், ஒரே தாய்ப்பால். அறுபத்தாறுல உன்னை ஒண்ணும் பண்ணாதது அம்பத்தொண்ணுல என்னை என்ன பண்ணிடும்? தகரோட தம்பி தகர் இல்லாம வேற என்ன?"

"அது வேறடா..."

"எது வேற?"

"என் உடம்பு வேற."

"என்ன வேற? உனக்கென்ன ரெண்டு நுரையீரல் கூட இருக்கா?"

இன்ஷிராஹ் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். தெஸூகி அவளிடமிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார். இந்தப் பயலிடம் சொன்னால் நாளைக்கே படகு படகாகப் போகும். தமக்குத் தாடி ஏன் வளரவில்லை என்று கூடமே கண்டுபிடித்துச் சிரிக்கும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

"ஒண்ணுமில்ல," என்றார். "எலுமிச்சை பிழிஞ்சு குடி."

போனை வைத்ததும் இன்ஷிராஹ் கேட்டாள்: "எலுமிச்சையா?"

 அவள் அதன் பிறகு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அந்த வீட்டில் ரிஹாபுக்கும் காய்ச்சல் வந்தது, இரண்டு நாளில் எழுந்து சமைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்துப் பத்ராவிக்கு இன்னும் துணிச்சல். பொம்பளையே எழுந்துவிட்டாள், நான் படுத்துக் கிடப்பதா என்று மேல்மாடிக்கு ஏறிக் காட்டினானாம். நான்காம் நாள் காலையில் ரிஹாப் போன் செய்தாள். அவள் அழுகைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அது தம்பி மூச்சு விடுகிற சத்தம் என்று புரிய தெஸூகிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

 வண்டியில் ஏறும்போது இன்ஷிராஹ் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பத்ராவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பூத்திருந்தது. அந்தக் கழுத்து, அந்த மாட்டுக் கழுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது.  இவ்வளவு பெரிய உடம்பை நான்கு நாளில் எது இப்படிச் செய்யும்?

"வண்டி நிக்குது. எந்திரி."

"உனக்கு... தானா... சரியாச்சே..."

"நான் உன்னை மாதிரி இல்லடா."

"தெரியும்... நீ தகர்..."

தெஸூகி ரிஹாபை வெளியே போகச் சொன்னார். பிறகு கம்பளிச் சட்டையைத் தூக்கினார், உள்சட்டையையும் தூக்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்த ஊசித் தழும்புகளைக் காட்டினார். கனத்துத் தொங்கிய மார்பையும் காட்டினார்.

"பாரு. ரெண்டு வருஷமா எனக்குப் புத்து. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. ஆம்பளைங்கிறது எங்கிட்ட ஒரு சொட்டு இல்ல. அந்த அனல் காய்ச்சல் இல்லடா, பொம்பளைங்களுக்கு வர்ற அனல். இது இல்லாததால நான் பொழைச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னா. உனக்கு அது நிறைய இருக்கு. என்னை வச்சு உன்னை அளக்காத. எந்திரிடா, என் ராசா, எந்திரி."

பத்ராவியின் கண்கள் தழும்பிலேயே நின்றன. சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைக்கு வந்து இருமலாகிவிட்டது. இருமி முடித்ததும், ஒரு வார்த்தையும் பேசாமல், அண்ணன் தோளில் கையைப் போட்டு எழுந்தான். அவ்வளவு சுலபமாக எழுந்தான். அது தெஸூகியை உலுக்கிவிட்டது. முரண்டு பிடிப்பான், சண்டை போடுவான் என்று நினைத்திருந்தார்.

மருத்துவமனை வாசலில் சக்கரநாற்காலி வந்தது. டாக்டர் மாஹி விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "எப்பலேர்ந்து இப்படி?" என்று கத்தினாள், பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியைத் தள்ள ஆரம்பித்தாள். ஆக்ஸிஜன் மூடியைப் போடப்போன நர்ஸின் கையைப் பத்ராவி பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே... இதை... முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு."

பத்ராவி யோசித்தான். அந்த மூச்சுத்திணறலுக்கு இடையிலும் யோசித்தான்.

"சிரிச்சிருப்பேன்," என்றான். "வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பேன்... ஆனா போயிருப்பேன்."

மூடியைப் போட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. அன்று இரவே தொண்டைக்குள் மூச்சுக்குழாய் செருகினார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்துக்கு நிறையப் பேரை விடவில்லை. சந்தையிலிருந்து வந்தவர்கள் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றார்கள். காற்று உப்பை அள்ளி வீசியது. மண் மூடிய பிறகு பெரியவர் ஒருவர் தெஸூகியின் அருகே வந்தார்.

"மனசைத் தேத்திக்கங்க முஅல்லிம். கொரோனாவே உங்களைப் பார்த்துப் பயந்து ஓடுச்சு. நீங்க தகர். இதையும் தாங்கிக்குவீங்க."

தெஸூகி திரும்பினார். ஏலம் கூவும் குரலில், ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கிற அந்தக் குரலில், எல்லாவற்றையும் சொன்னார். புற்று, ஊசி, அனல், மார்பு, மனைவியின் நல்ல முட்டி, தம்பிக்குச் சொன்ன எலுமிச்சை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்து ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள், ஒரே ஒருவனாவது சிரிப்பான் என்று நின்றார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.